விளக்கு எரிகிறது, வழி திறந்திருக்கிறதா?

இரவு ஒன்பது மணி கடந்திருந்தது. நமுனுகுலைப் பக்கமாக இடி முழங்கி ஓய்ந்து, பதுளை நகரத்துக் கூரைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்த வேளையில் எமது தொலைபேசி ஒலித்தது. பேசியவள் எம்மிடம் உயர்தரம் கற்ற மாணவி ஒருத்தி. பசறை வீதியால் சென்று, பின்னர் மண்பாதையிலே மேலேற வேண்டிய தோட்டம் ஒன்றின் லயத்தில் வசிப்பவள். இது நிகழ்ந்து சில ஆண்டுகள் ஆகின்றன.

“சேர், இன்ரநெட் வேலை செய்யவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப இன்றிரவு மட்டுந்தான் நேரம்.”

“ரவுட்டரில் விளக்கு எரிகிறதா, பிள்ளை?”

“எரிகிறது சேர். எல்லாம் பச்சை.”

“கணினியின் மூலையில் வைஃபைக் குறி தெரிகிறதா?”

“தெரிகிறது. இணைக்கப்பட்டுள்ளது என்றும் போட்டிருக்கிறது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கிறதில்லை.”

அவளுடைய தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மகள் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அது முதல்நாளே முரண்டு பிடிக்க, பெட்டியைச் சாக்கிலே கட்டி பஸ்ஸில் ஏற்றி நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டு சென்றிருக்கிறார். கடைக்காரர் மூடியைத் திறவாமலே, “உள்ளே இன்ரநெட் பகுதி பழுது, மாற்ற வேண்டும்” என்று கூறி, தந்தையாரின் எட்டு நாட் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகையொன்றைச் சொன்னாராம். வேலை முடிய நான்கு நாட்கள் ஆகும் என்றும் சொன்னாராம். நான்கு நாட்கள் கையில் இல்லாதபடியால் பெட்டி மறுபடியும் பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்தது. வீட்டிலிருந்த ஒரே தொலைபேசி, பேசுவதற்கு மாத்திரம் உதவும் பழைய பொத்தான் தொலைபேசி. அதைக் காதிலே வைத்துக்கொண்டுதான் அவள் எம்முடன் பேசிக்கொண்டிருந்தாள்.

நிற்க. வீட்டுக் கணினி இணையத்தோடு தொடுக்கப்பட்டிருக்கிறதா என்பது பார்வைக்குச் சின்னஞ்சிறு கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லிலே விடை கூறிவிடலாம் போலத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதம் போகுமா என்று ஒருவர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். பதுளை நிலையத்தில் விளக்கு எரிவதைக் கண்டு “போகும்” என்று சொல்லிவிடலாமா? வண்டி நிற்கவேண்டும், எல்ல வரையிலே பாதை சீராக இருக்கவேண்டும், தெமோதரையில் நிலையத்தின் கீழேயே குடைந்து செல்லும் அந்தச் சுருள் வளைவைக் கடக்கவேண்டும், அப்புறம் பண்டாரவளை, அப்புத்தளை, பட்டிப்பொல என்று மலையேறி இறங்கவேண்டும். 1924இல் பதுளையைத் தொட்ட இப்பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் எங்கோ ஓரிடத்தில் மண் சரிந்தால் பதுளை நிலையத்து விளக்குக்கு அது தெரியப்போவதில்லை. அது வழமைபோல எரிந்துகொண்டே இருக்கும்.

கணினியின் மூலையிலே தெரியும் வைஃபைக் குறியும் இவ்வாறானதே. கணினிக்கும் அதே அறையில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையே பேச்சுவார்த்தை நடைபெறுகிறது என்பதற்கு மாத்திரம் அது சாட்சி. ரவுட்டரிலிருந்து மலைமுகட்டிலுள்ள கோபுரம், கோபுரத்திலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கடலடிக் கம்பி என்று நீளும் வழியைப் பற்றி அஃது எதுவும் அறியாது.

மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலம் வழங்கிவரும் “டேப்ளட்” முறையை எமது மாணவர்கள் அறிந்திருப்பர். ஒற்றைத் தண்டவாளமாதலால் இரு நிலையங்களுக்கிடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடலாம். நிலைய அதிபர் மின்மணியை அடித்து அடுத்த நிலையத்தைக் கேட்பார். அங்கிருந்து மணி திரும்ப அடித்தால்தான் பெட்டியிலிருந்து அந்த வட்டத்தகடு வெளிவரும். தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார். வழி திறந்திருப்பதாகத் தாமே எண்ணிக்கொள்ளும் உரிமை ஒருவருக்கும் இல்லை. மறுபக்கத்து மறுமொழி வரவேண்டும். இணைப்பைச் சோதிக்கும் கலையும் இவ்வளவுதான்: ஒவ்வொரு நிலையமாக மணியடித்து, எது வரையில் மறுமொழி வருகிறது என்று பார்த்தல்.

இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பிலே முதற்செய்தி அனுப்பப்பட்டது 1969 ஒக்டோபர் 29ஆந் திகதி. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு “லொகின்” என்ற சொல்லை அனுப்ப முயன்றனர். இரண்டு எழுத்துகள் போய்ச்சேர்ந்தன. மறுபுறத்து யந்திரம் படுத்துவிட்டது. இரண்டு எழுத்துகள் போய்ச்சேர்ந்தன என்பதை அவர்கள் அறிந்த விதம் சுவையானது. பக்கத்திலே சாதாரணத் தொலைபேசியை வைத்துக்கொண்டு, எழுத்து வந்ததா என்று கேட்டுக் கேட்டே அனுப்பினார்கள். அந்த இரவிலே எமது மாணவியும் நாமும் செய்ததும் அதைத்தான்.

முதலிலே கணினியின் தேடுமிடத்தில் “சி.எம்.டி.” என்னும் மூன்று எழுத்துகளைப் பொறிக்கச் சொன்னோம். கறுப்புச் சாளரம் ஒன்று திறந்தது. அதிலே “பிங்” என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளியும் விட்டு 127.0.0.1 என்ற எண்ணைப் பொறிக்கச் சொன்னோம். இந்த எண் உலகத்திலுள்ள ஒவ்வொரு கணினிக்கும் தன் சொந்தப் பெயர். தன்னையே தட்டித் தான் இருக்கிறேனா என்று கேட்பது போன்றது இச்சோதனை. “நான்கு தரமும் மறுமொழி வந்தது சேர்” என்றாள். ஆகவே, கணினிக்குள் இணையப் பேச்சை நடத்தும் மென்பொருள் நலமாக இருக்கிறது.

இரண்டாவது, ரவுட்டர். அதன் அடியிலே ஒட்டப்பட்ட தாளில் 192.168 என்று தொடங்கும் எண் ஒன்று இருக்கும். தாளைக் காணாவிட்டால், அதே கறுப்புச் சாளரத்தில் “ஐபி கொன்பிக்” என்பதை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றிப் பொறித்தால் “கேட்வே” என்ற சொல்லுக்கு எதிரே அதே எண் தெரியும். இங்கே மாணவ அன்பர்கள் ஒன்றைக் கவனித்துக்கொள்ளலாம். கணினியின் எண்ணாக 169.254 என்று தொடங்கும் ஒன்று தெரியுமானால், ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்பது பொருள். யாரும் பெயர் வைக்காத பிள்ளை தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டது போல, கணினி தானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது. அந்நிலையில் வெளியே தேடுவதில் பயனில்லை. ரவுட்டரை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஏற்றவேண்டும். எமது மாணவியின் கணினிக்கு முறையான எண் கிடைத்திருந்தது. ரவுட்டரும் மறுமொழி சொன்னது. “உள்ளே இன்ரநெட் பகுதி பழுது” என்ற கடைக்காரரின் தீர்ப்பு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. பழுதான பகுதி ரவுட்டரோடு எப்படிப் பேசும்?

மூன்றாவது, வெளியுலகம். 8.8.8.8 என்னும் எண்ணைப் பிங் செய்யச் சொன்னோம். 2009இலிருந்து கூகிள் நிறுவனம் பொதுமக்களுக்காகத் திறந்து வைத்திருக்கும் பெயர்ப்பதிவு நிலையத்தின் எண் அது. நினைவில் வைப்பதற்கு எளிது என்பதனாலேயே சோதனைக்காரர் பலரும் அதைத் தட்டுகின்றனர். சிறிது மௌனம். பிறகு, “62 என்று வருகிறது, 58, 71, 60” என்று வாசித்தாள். அவை மில்லி வினாடிகள். பசறைத் தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்ட சிறு செய்தி கடல் தாண்டிச் சென்றோ, அருகிலுள்ள நிலையமொன்றைத் தொட்டோ திரும்பிவர ஒரு வினாடியின் பதினாறில் ஒரு பங்கு சென்றிருக்கிறது. ஒளி கண்ணாடி நாரினுள் வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். சிங்கப்பூர் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கம்பி நேராகவே சென்றாலும் போய்வர 27 மில்லி வினாடியாவது வேண்டும். இந்தக் கணக்கை வகுப்பிலே போட்டுக் காட்டினால், பௌதிகவியலில் தூங்கும் பிள்ளைகளும் விழித்துக்கொள்வது எமது அனுபவம்.

பிங் என்ற இச்சிறு சாதனத்தை ஆக்கியவர் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர். 1983 டிசெம்பரில், தம் வலையமைப்பிலே நேர்ந்த ஒரு கோளாற்றைத் துப்பறிவதற்காக ஒரே மாலையில் எழுதினார் என்பர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குச் செவிகொடுக்குமல்லவா? அவ்வொலியின் பெயரையே இதற்கும் இட்டார்.

நான்காவது, பெயர். எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயருக்கு வராதிருப்பதுண்டு. தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பெயரும் உண்டு, எண்ணும் உண்டு. கணக்கப்பிள்ளை எண்ணையே அறிவார். மற்றவர்களுக்குப் பெயர்தான் தெரியும். இணையத்திலும் யந்திரங்களுக்கு எண், மனிதர்களுக்குப் பெயர். பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் வகுத்தார். அந்தப் புத்தகம் கிடைக்காவிட்டால் வழியெல்லாம் திறந்திருந்தும் ஒரு பக்கமும் திறவாது. பல வீடுகளில் “இன்ரநெட் இல்லை” என்பது இதுதான். எமது மாணவியின் வீட்டிலே இதுவும் சரியாகவே இருந்தது.

நேரம் ஒன்பதே முக்கால். நாம் அறிந்த சோதனைகள் யாவும் தேறிவிட்டன. பக்கம் மாத்திரம் திறக்கவில்லை. அப்பொழுதுதான், முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டோம்: “திறக்காதபோது திரையிலே என்ன எழுதியிருக்கிறது?” வினாவைக் காட்டிலும் விரிவுரையை விரும்புவது எமது தொழிலின் குணம் போலும்.

“உங்கள் இணைப்பு அந்தரங்கமானதன்று என்று ஆங்கிலத்தில் இருக்கிறது சேர். இணைப்பு சரியில்லை என்றுதானே கருத்து?”

கருத்து அதுவன்று. தபாற்காரன் வந்துவிட்டான், கையிலிருக்கும் கடிதத்தின் முத்திரையை நம்பக்கூடாது என்கிறது கணினி. இப்பொழுது பெரும்பாலான தளங்கள் தம்மை இன்னாரென்று நிறுவ ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அச்சான்றிதழ் இன்ன நாள் தொடங்கி இன்ன நாள் வரை செல்லும் என்று திகதி குறிக்கப்பட்டது. தன் கடிகாரத்தைக் கொண்டு கணினி அதைச் சரிபார்க்கும்.

“திரையின் வலப்பக்க மூலையிலே திகதி என்ன?”

அவள் வாசித்தாள். பின்னர் மீண்டும் ஒருமுறை வாசித்தாள். கணினி பத்து ஆண்டுகளுக்கு முந்திய ஜனவரி மாதம் முதலாந் திகதியிலே நின்றுகொண்டிருந்தது.

கணினியினுள்ளே காசளவான மின்கலம் ஒன்று உண்டு, சி.ஆர். 2032 என்பது அதன் வழமையான பெயர். மின்சாரம் நின்ற வேளைகளிலும் கடிகாரத்தை ஓடச்செய்வது அதன் வேலை. பழைய யந்திரத்திலே அது தீர்ந்துபோயிருந்தது. முந்திய நாட்களில் அப்பக்கத்தில் அடிக்கடி மின்சாரம் நின்றிருந்தது. மின்சாரம் திரும்பியபோது கணினி தான் பிறந்த காலத்துக்கே திரும்பிவிட்டது. அந்தக் காலத்திலிருந்து பார்த்தால் இன்றைய சான்றிதழ்கள் யாவும் இன்னும் எழுதப்படாதவை. ஆகவே கணினி அவற்றை ஏற்க மறுத்தது. அது தன் கடமையைச் சரியாகத்தான் செய்தது.

“இணைக்கப்பட்டுள்ளது” என்று அதே கணினி சொன்னதற்கும் காரணம் உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ், தன் நிறுவனத்துத் தளமொன்றிலிருந்து ஒரு வரியளவான சிறு கோப்பைக் கேட்டு வாங்குகிறது. எதிர்பார்த்த சொற்கள் வந்தால் இணைப்பு உண்டு என்று முடிவு செய்கிறது. அச்சிறு கோப்பு சான்றிதழ் இல்லாத பழைய முறையிலே வருவது. திகதி பிழைத்திருந்தாலும் அது வந்துவிடும். ஆக, கணினி தனக்குத் தெரிந்த மட்டில் பொய் சொல்லவில்லை.

திகதியையும் நேரத்தையும் திருத்தச் சொன்னோம். ஐந்து நிமிடம் தொலைபேசியில் விசைகளைத் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, “அப்பா, திறந்துவிட்டது!” என்று அவள் எம்மை மறந்து கூவினாள். பதினொன்று இருபதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததற்கான இலக்கம் வந்தது. அவ்விலக்கத்தை எமக்கும் வாசித்துக் காட்டி எழுதிக்கொள்ளச் சொன்னாள். தன் கணினியை அவள் இன்னும் நம்பவில்லை.

எட்டு நாட் சம்பளம் செலவாகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புதிய பகுதி பொருத்தப்பட்டிருக்கும், மின்கலம் அப்படியே இருந்திருக்கும், ஓராண்டு போயிருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஓராண்டு சும்மா கிடைப்பதில்லை. தாய்மார் கொழுந்துக்கூடையோடு மலையேறி வாங்கித் தந்தது அது.

இலங்கையில் வணிக முறையில் இணையச் சேவை தொடங்கியது 1995இல். ஊவா மலைகளுக்குள் அது ஏறிவந்த கதை மெதுவானது. 2021இல் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டினுள்ளே மரத்தின்மேற் கட்டிய பரணில் ஏறி அமர்ந்து பாடம் கேட்டனர். கீழே சமிக்ஞை இல்லை; மேலே உண்டு. பெரியோர் துணைக்குச் சென்றனர். மலைநாட்டின் பொஹிட்டியாவ என்னும் கிராமத்திலும் ஆசிரியரும் மாணவரும் காட்டுவழி நடந்து பாறையொன்றின்மேல் ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அவர்களுக்கு இணைப்பைச் சோதிப்பதென்றால் கால் வலிக்க நடப்பது.

மலைகளின் குற்றம் ஒருபுறம் இருக்க, லயத்துக்கும் ஒரு பங்குண்டு. வானொலி அலை தகரத்தை ஊடுருவாது. தகரக்கூரையின் கீழ், அறையின் நடுவே, அலமாரியின் உள்ளே பத்திரமாக ரவுட்டரை வைப்போர் பலர். கோபுரம் எத்திசையில் உளதோ அத்திசைச் சன்னலின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளாக இருந்த குறி நான்காகும். சில திட்டங்களில் பகலுக்கு ஓர் அளவும் நள்ளிரவுக்குப் பின் ஓர் அளவுமாக டேட்டா பிரிக்கப்பட்டிருக்கும். பகற்பங்கு தீர்ந்ததும் விளக்குகள் எரிந்தபடியே இருக்க, பக்கங்கள் நின்றுவிடும். இதற்குப் பிங் வேண்டாம். கணக்கைப் பார்த்தாற் போதும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி இங்கே கடுமையானது. அவ்வேளையில் மின்செருகியைக் கழற்றிவைப்போரின் ரவுட்டர் நீண்டகாலம் வாழ்கிறது.

வீட்டிலே யாவும் சீராக இருந்தும் நாடே துண்டிக்கப்படுவதும் உண்டு. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடிக் கம்பியை அறுத்தபோது அவ்வாறு நேர்ந்தது. அதன்பின் வேறு கம்பிகள் வந்தன. 2025இல் தாழப் பறக்கும் செய்மதிகளின் வழியாகவும் சேவை தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் “டித்வா” புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருசேர நின்றன. அந்நாட்களிலே தூரதேசத்திலிருந்த மகன்மார் பெற்றோரின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தனர். மறுமொழி வராத எண் எந்த நிலையத்தில் நின்றது என்று அவர்கள் எவரிடம் கேட்பது? கம்பியிலா, கோபுரத்திலா, வீட்டிலா? எமது அயல்வீட்டு அம்மா, மின்சாரம் வந்ததும் முதலிற் செய்தது அடுப்பேற்றுவதன்று. கைத்தொலைபேசியை மின்னேற்றி, கட்டாரிலிருந்த மகனுக்கு “இருக்கிறோம்” என்று ஒரே சொல்லை அனுப்பினார். அது போய்ச்சேர்ந்ததற்கான இரண்டு கோடுகள் தோன்றும்வரை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

எமது மாணவியின் தந்தையார் மறுவாரமே பசறைக் கடைத்தெருவில் கைக்கடிகாரம் திருத்துபவரிடம் அம்மின்கலத்தை வாங்கி வந்தார். பழையதைக் கழற்ற மூடியிலே நான்கு திருகாணிகள் மாத்திரமே இருந்தனவாம். சில மாதங்களின் பின், தெரிவுப்பட்டியல் வெளியான அன்று காலை அவளே மறுபடி அழைத்தாள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்றாள். பக்கம் முதலில் திறக்கவில்லையாம்.

“உடனே திகதியைப் பார்த்தேன் சேர். திகதி சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள் போல.”